பேஷண்ட் என்ற சொல்

ஜனவரி 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முட்டிவலி மட்டும் குளிர் போகிறவரை போகாது போலிருக்கிறது. மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள். நீ எப்படி இருக்கிறாய்? பகல் டியூட்டிக்கு மாற்றிவிட்டார்களா?

போனில் பேசினால் நமக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு ஓடுவதில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அம்மாவிடம் கொடுக்கிறேன். அதனால்தான் கடிதம். தவிர, எனக்கு உன்னிடம் ஒரு ஆபீஸ் காரியம் ஆகவேண்டும்.

எங்கள் அகராதி அலுவலகத்தில் இப்போது ‘ப’ வரிசை நடக்கிறது. தமிழுக்கு வந்து குடியேறிவிட்ட பிறமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. எங்கே பிறந்தது, வழியில் எந்தெந்த மொழியில் தங்கியது, இங்கே என்ன பொருளில் புழங்குகிறது என்று எழுதவேண்டும். என் பங்குக்கு விழுந்திருப்பது ‘பேஷண்ட்’. யாரோ அந்த அட்டையை ‘பேஷன்’ கட்டோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். மூன்று நாள் துணிக்கடைச் சொற்களுக்குள் நோயாளியைத் தேடிக்கொண்டிருந்தேன். பதிப்பாசிரியர் என் மேஜைப் பக்கம் வரும்போதெல்லாம், “என்ன, பேஷண்ட் பொழைச்சுக்குவாரா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

லத்தீன் வேர், ஐரோப்பிய மொழிகள் எல்லாம் புத்தகத்தில் கிடைத்துவிடும். வார்டில் நீங்கள் அந்தச் சொல்லை வாயால் எப்படிச் சொல்கிறீர்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேட்டது கேட்டபடி சில வாக்கியங்கள் எழுதி அனுப்பு.

இருபத்தேழாம் தேதியோடு உன் அக்கா நம்மிடமிருந்து பறிக்கப்பட்டுப் பதினோரு வருடம். அன்று அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிடு. வழக்கம்போல அந்த டேங்கர்காரனைச் சபிப்பாள். சபித்து முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிரு, அது போதும்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

ஜனவரி 31

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். பகல் டியூட்டிதான். அம்மாவை முட்டிக்குச் சூடான துணி வைத்துக்கொள்ளச் சொல்; தைலம் தேய்த்து என்ன ஆகப்போகிறது.

நீ கேட்டது கீழே இருக்கிறது. எல்லாம் இந்தப் பக்கவாத வார்டில் ஒரே வாரத்தில் காதில் விழுந்தவை.

“பேஷண்ட்ட படுக்கப் போடு.” “பேஷண்ட் பக்கத்துல யாரும் இல்லியா?” “நீங்க பேஷண்ட்டா, பேஷண்ட் கூட வந்தவரா?” “அது என் பேஷண்ட் இல்ல, உன் பேஷண்ட்.” “பேஷண்ட் போயிட்டாரு.” இந்தக் கடைசி வாக்கியத்துக்கு இரண்டு பொருள். வீட்டுக்குப் போய்விட்டார் என்பது ஒன்று. எது என்று சொல்பவர் குரலில்தான் தெரியும். அகராதியில் குரலை எப்படி எழுதுவீர்களோ தெரியவில்லை. துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர், டாக்டர் சிடுசிடுக்கும்போது, “அவருக்குப் பேஷண்ட்டே கெடையாது” என்பார். பொறுமை கிடையாது என்று சொல்ல வருகிறார். தப்பாகச் சொல்கிறார் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒன்பதாம் கட்டிலுக்கு ஒருவர் வந்தார். வயது அறுபத்திரண்டு. டேங்கர் லாரி ஓட்டியவர். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் “இல்ல” என்கிறார். பசிக்கிறதா என்றாலும் இல்ல, வலிக்கிறதா என்றாலும் இல்ல, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் இல்ல. மிச்சமிருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

இருபத்தேழாம் தேதி போன் செய்ய முடியவில்லை. வார்டில் ஆள் இல்லை என்று அம்மாவிடம் சொல். அது பொய்யும் இல்லை.

அந்தச் சொல்லுக்கு முதன்முதலில் என்ன பொருள்?

பாப்பா

*

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

இருவரும் சுகம். உன் வாக்கியங்கள் பதிப்பாசிரியருக்கு ரொம்பப் பிடித்துவிட்டன. துப்புரவுக்கார அம்மா சொன்னதைத் தப்பு என்று தள்ள முடியாது என்றார். ஏன் என்று சொல்கிறேன்.

லத்தீனில் அந்த வினைக்கு மூன்று பொருள். படு, தாங்கிக்கொள், நடப்பதை நடக்கவிடு. நம் எழுத்தில் எழுதினால் ‘பத்தி’ என்று வரும். செய்தித்தாளில் வரும் பத்தியும் இல்லை, ஊதுபத்தியும் இல்லை. அதிலிருந்து ‘பத்தியென்ஸ்’, அதாவது பட்டுக்கொண்டிருப்பவர். இதைச் சொன்னதும் பக்கத்து மேஜைக்காரர், “அப்ப நோயாளிக்குச் சொல்ற பத்தியம்?” என்று கண்ணை விரித்தார். அது சமஸ்கிருதச் சொல் என்று சொல்லி அவர் மகிழ்ச்சியைக் கெடுத்தேன்.

ஆங்கிலத்தில் நோயாளிக்கும் பொறுமையானவருக்கும் ஒரே சொல், ஒரே எழுத்துக்கூட்டு. உங்கள் துப்புரவுக்கார அம்மா தெரியாமலே அந்த வேரைத் தொட்டுவிட்டார். ஜெர்மன்காரர்கள் பொறுமைக்கான சொல்லைத் தனியாக உட்கார்ந்து ஆடும் சீட்டாட்டத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். இத்தாலியில் ‘பத்தீத்தோ’ என்றால் ஒன்றின்மேல் பைத்தியமாக இருப்பவர். கால்பந்துப் பைத்தியம் என்கிறோமே, அப்படி. ருமேனியாவில் ஒருவருக்கு ஏதாவது கெட்டது நேர்ந்தால், உனக்கு என்ன ஆச்சு என்று இந்த வினையை வைத்துத்தான் கேட்கிறார்கள்.

இலக்கணத்திலும் ஒரு பேஷண்ட் உண்டு. ஒரு செயல் என்றால் செய்பவர் ஒருவர், படுபவர் ஒருவர். அந்தப் படுபவருக்கு மொழியியலாளர்கள் வைத்த பெயர் அது. செயப்பாட்டு வினைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘பாஸிவ்’ என்ற பெயரும் இதே வேர்தான். தமிழிலும் பார், ‘அடிக்கப்பட்டான்’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கிற ‘படு’தான் கஷ்டப்படுவதிலும் இருக்கிறது, படுக்கையிலும் இருக்கிறது. ஓசை பக்கத்தில் வருகிறது என்பதற்காக லத்தீனோடு உறவு கொண்டாடக் கூடாது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு இடத்திலும் மனிதர்களுக்கு ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது டேங்கர் ஓட்டியவர் என்ற இடத்தைத் தாண்டிவிட்டேன். அவர் எந்த ஊர்க்காரர்? சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணன்

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டாதே.

நீ சும்மா கேட்கவில்லை என்று தெரியும். அவர்தான். கேஸ் ஷீட்டில் பெயரைப் பார்த்தேன். அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். பிறகு முகத்தைப் பார்த்தேன். கோர்ட்டில் ஒரே ஒருநாள் பார்த்த முகம்தான், இடது புருவம் பாதியோடு நின்றுவிடும் முகம்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போலிருக்குமே, அப்படித்தான் இருந்தது. கஞ்சி ஊட்டினேன். வாயைத் துடைத்தேன்.

இருபத்தேழாம் தேதி காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை என் ஷிப்ட். தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவரை நான் புரட்டவில்லை. அட்டவணையில் எட்டு, பத்து, பன்னிரண்டு மூன்று கட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் இடுப்புக்குக் கீழே சிவந்திருந்தது. நாலாம் நாள் தோல் உரிந்தது. இப்போது விரல் நுழையும் அளவு புண். ரிப்போர்ட்டில் ‘படுக்கைப் புண் ஏற்பட்டுள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். அது தானாக ஏற்படவில்லை, அண்ணா. நான் உண்டாக்கினேன்.

போன வாரம் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். மெமோ கொடுத்தார். என்னை வேறு வார்டுக்கு மாற்றிவிடுங்கள் என்றேன். “ஆள் எங்கம்மா இருக்கு? நீ வரவெச்ச புண்ண நீயே ஆத்து” என்றார்.

தினமும் இரண்டு வேளை கட்டு மாற்றுகிறேன்.

பாப்பா

*

மார்ச் 8

பாப்பாவுக்கு,

கடிதம் இன்று பகல் வந்தது. உடனே எழுதுகிறேன். அம்மா சுகம். அவளுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஒருநாள் புரட்டாததற்கு நீ இவ்வளவு மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. உன் நிலைமையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும். இன்சார்ஜிடம் சொல்லியிருக்கவே வேண்டாம். மேலிடத்தில் எழுதிக் கொடுத்து வேறு வார்டு வாங்கு. வேண்டுமானால் நான் ஒரு மனு எழுதித் தருகிறேன்.

அவனோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே. அந்த மாதிரி ஆட்கள் தங்கள்மேல் தப்பில்லை என்றுதான் சொல்வார்கள். ‘இல்ல’ மட்டும்தான் சொல்கிறான் என்று எழுதியிருந்தாயே, பேச்சு திரும்பிவிட்டதா? இந்த நோயில் பேச்சு திரும்புவது உண்டா?

இதற்குப் பதில் எழுது.

அண்ணன்

*

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதம். எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். உங்கள் இருவர் உடம்பும் எப்படி என்று எழுது.

திரும்புவது உண்டு. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் ஒரு பெண் வருகிறாள். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். உன் வேலை மாதிரிதான், ஒரு அட்டைக்கு ஒரு சொல். குடையைக் காட்டினால் முதலில் “மழ” என்றார். கத்தரிக்கோலுக்கு ஒன்றும் வரவில்லை. இடது கை விரல் இரண்டை வெட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினார். மார்ச் கடைசியில் மனைவியின் பெயர் வந்தது. அந்த அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போன வாரம் ஸ்கூட்டர் படம் வந்தது. நான் அப்போது பக்கத்துக் கட்டிலில் டிரிப்ஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் அட்டையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நாலு வார்த்தையில் ஒரு வாக்கியம் சொன்னார். ஒரு வாக்கியம் முழுதாக வந்தது அதுதான் முதல்தடவை என்று அந்தப் பெண் கைதட்டினாள்.

அந்த வாக்கியத்தை இங்கே எழுதப்போவதில்லை.

இலக்கணத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ‘வண்டி திருப்பப்பட்டது’ என்று எழுதினால், யார் திருப்பினார் என்று சொல்லாமலே அந்த வாக்கியம் முடிந்துவிடுமா?

பாப்பா

*

மே 20

அன்புள்ள அண்ணா,

நான் எழுதி ஐந்து வாரமாகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. அம்மாவோடு போனில் பேசினேன். நீ ஆபீஸ் போய் வருகிறாய், கால் வலி என்று சீக்கிரம் படுத்துவிடுகிறாய் என்றாள். அந்த விபத்தில் முறிந்த கால்தானா?

நடந்ததை எழுதிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை கட்டு மாற்றும்போது நான் யார் என்று அவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக் கிடந்தார். அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் வர நேரமாகும். இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

“தெரியும் சிஸ்டர். வந்த அன்னைக்கே தெரியும். நீங்களும் அதே ஜாடை.”

இந்தப் புண் எப்படி வந்தது என்றும் சொன்னேன். அதுவும் தெரியும் என்றார். அன்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாராம். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “வார்த்த வரல” என்றார். பிறகு, வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்பதுபோல் இடது கையை அசைத்தார்.

அக்கா இறந்த அன்று என்ன நடந்தது என்று கேட்டேன்.

“நான் வேகமாத்தான் வந்தேன். அதுல பொய் இல்ல. ஆனா உங்கண்ணன் எதிர்ல வந்தாரு. வரக்கூடாத பக்கத்துல.”

“கோர்ட்ல சொல்லலையா?”

“சொன்னேன். அந்தப் பொண்ணு செத்துப்போச்சு, நீ உசுரோட நிக்கறன்னாங்க. அதுக்கு மேல என்ன சொல்றது. உங்கண்ணன் கட்டுப் போட்ட காலோட உக்காந்திருந்தாரு. அவரா சொல்வாருன்னு பாத்துட்டே இருந்தேன்.”

அவ்வளவுதான். நான் பிளாஸ்திரியை ஒட்டி முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அன்று ஏழு பேருக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. ஏழு பேருக்கும் மாற்றினேன்.

ஜெயிலிலிருந்து வந்தபின் அவர் வண்டியே ஓட்டவில்லையாம். ஒரு கிடங்கில் கேட் திறந்து மூடும் வேலை. அவருடைய மனைவிக்கும் இப்போது நான் யார் என்று தெரியும். ஆனாலும் எனக்கு உட்கார ஸ்டூலை நகர்த்திப் போடுகிறார்.

நீ என்ன எழுதினாலும் படிப்பேன்.

பாப்பா

*

ஜூன் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதங்கள் வந்து சேர்ந்தன. அம்மா சுகம். முட்டிவலி பரவாயில்லை, இரண்டு நாளாக மாடி ஏறுகிறாள். எனக்கும் ஒன்றுமில்லை.

‘பேஷண்ட்’ குறிப்பு முடிந்து அச்சுக்குப் போகிறது. முடிந்த வடிவத்தை உனக்காகப் படியெடுத்திருக்கிறேன்.

“பேஷண்ட்: பெயர்ச்சொல். மருத்துவம் பெறுபவர், நோயாளி. பேச்சுவழக்கில் அரிதாகப் பொறுமை என்ற பொருளிலும் வரும். லத்தீனில் படுதல், தாங்குதல், நடக்கவிடுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பழைய பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தது. அந்த லத்தீன் வினைக்குச் செயப்பாட்டு வடிவம் மட்டுமே உண்டு, பொருளோ செய்வினை. வடிவம் ஒன்றும் பொருள் ஒன்றுமாக நிற்கும் இத்தகைய வினைகளுக்கு, கழற்றி வைத்தவை என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது.”

இலக்கணப் பொருளை நான் சேர்க்கவில்லை. செய்பவர், படுபவர் எல்லாம் எங்கே என்று பதிப்பாசிரியர் கேட்டார். இடம் போதவில்லை என்றேன். அட்டையில் பாதி காலியாகத்தான் இருக்கிறது. அவர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்து எனக்கு ‘பேப்பர்’ கொடுத்திருக்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்

*

ஜூன் 13

அண்ணா,

குறிப்பு வந்தது. நன்றாக இருக்கிறது.

புண் மூடிவிட்டது. புதுத்தோல் இன்னும் ரோஸ் நிறமாக இருக்கிறது. ஜூலை நடுவில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எழுந்து நடக்கமாட்டார். சக்கர நாற்காலியில் உட்காருவார்.

வருவதாக இருந்தால் அதற்குள் வா. வரமுடியாவிட்டால் அம்மாவிடம் மட்டும் ஒன்று சொல். அவரைச் சபிப்பதை நிறுத்தச் சொல். ஏன் என்று கேட்டால் என்னைக் கேட்கச் சொல், நான் சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாப்பா

*

ஜூன் 22

பாப்பாவுக்கு,

நலம். ஏப்ரலில் நீ கேட்ட இலக்கணச் சந்தேகத்துக்குப் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். முடிந்துவிடும். செய்தவர் பெயர் இல்லாமலே அந்த வாக்கியம் நிற்கும். இலக்கணத்தில் அதற்குத் தடை கிடையாது.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறேன். நீ ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், வழி கேட்டு வந்துவிடுவேன்.

அண்ணன்

*

ஜூலை 2

அன்புள்ள அண்ணா,

நீ வீடு போய்ச் சேர்ந்ததை அம்மா சொன்னாள். என்னிடம் சொல்லாமல் கிளம்பியது பற்றி எனக்கு வருத்தமில்லை. அன்று புதிதாக மூன்று பேரைச் சேர்த்தோம். நீ வந்ததே எனக்கு மாலையில்தான் தெரியும். ஒன்பதாம் கட்டில்காரரின் மனைவி, அந்த அம்மா, சொல்லித்தான் தெரியும்.

ஒரு மணிநேரத்துக்கு மேல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாயாம். பையைக் கீழே வைக்கவே இல்லையாம். அவர் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, முகம் கொடுக்க மறுக்கிறார் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. நீ நின்றது வலது பக்கம். அந்தப் பக்கம் அவருக்குப் பார்வை இல்லை. அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குப் பாதிநேரம் நினைவிருக்காது. நீ வந்துபோனது அவருக்குத் தெரியாது.

காரிடாரில் அந்த அம்மாவிடம் மன்னிக்கவேண்டும் என்று சொன்னாயாம். சொன்ன கையோடு படியிறங்கிவிட்டாயாம். அவர் உன்னிடம் சொல்ல நினைத்ததை நீ நின்று கேட்கவில்லை என்று என்னிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம் சிஸ்டர். அத வெச்சு நான் என்ன பண்றது. எம்பொண்ணு அப்பாகிட்டப் பேசி பதினோரு வருஷமாச்சு. ஸ்கூல்ல கொலகாரன் பொண்ணுன்னாங்க, அன்னைலேருந்து. படிச்சு முடிச்சதும் வேலைக்குன்னு தனியாப் போயிட்டா. அவர் இப்படிக் கெடக்கறாருன்னு சொன்னேன், வரல. நான் எடுத்துச் சொன்னா புருஷனுக்குப் பரிஞ்சு பேசறேம்பா. உங்கண்ணன் கையால அவளுக்கு ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்க.”

மகளுக்கு இருபத்துநாலு வயது. தையல் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. விலாசம் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. அந்த அம்மா எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதினேன்.

பதினாறாம் தேதி டிஸ்சார்ஜ்.

பாப்பா

*

ஜூலை 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

இதோடு வைத்திருப்பது அந்தப் பெண்ணுக்கு. உறையை ஒட்டவில்லை. நீ படித்துவிட்டு ஒட்டி அனுப்பு. எங்காவது நான் நழுவியிருந்தால் அனுப்பாதே, திருப்பி அனுப்பு, மறுபடி எழுதுகிறேன். நாலு தடவை எழுதியாயிற்று. முதல் மூன்றிலும் ‘விபத்து நேர்ந்தது’ என்று வந்துவிட்டது.

அம்மாவுக்கு அடிக்கடி போன் செய். என்னோடு இல்லாவிட்டாலும் உன்னோடு பேசுவாள்.

அண்ணன்

*

வணக்கம்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. பதினோரு வருடத்துக்கு முன் உங்கள் அப்பாவின் டேங்கரில் அடிபட்டு இறந்த பெண் என் தங்கை. அவளைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டியவன் நான்.

அன்று அவளுக்கு லேப் டெக்னீஷியன் வேலைக்குப் பரீட்சை. ஒன்பதரைக்குள் மையத்தில் இருக்கவேண்டும். அவள் ஏழு மணிக்கே தயாராகிவிட்டாள். நான்தான் தாமதமாக எழுந்தேன். பாலம்வரை போய்ச் சுற்றி வந்திருக்க வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்க, நடுத்தடுப்பில் இருந்த இடைவெளியில் வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கத்தில் ஓட்டினேன். அவள் பின்னாலிருந்து, “அண்ணா வேண்டாம், சுத்தியே போயிடலாம்” என்றாள். நான் கேட்கவில்லை. உங்கள் அப்பா வேகமாக வந்தார். ஆனால் தன் பக்கத்தில் வந்தார். நான் என் பக்கத்தில் போயிருந்தால் அவரும் நாங்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே போயிருப்போம்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது, டேங்கர் வந்து மோதியது என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கோர்ட்டில் கேட்டபோதும் அதையே சொன்னேன். உங்கள் அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரை இரண்டு வருடம் ஜெயிலில் வைத்தார்கள். அந்த இரண்டு வருடமும் நான் தினமும் வேலைக்குப் போய் வந்தேன். உங்களைப் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொன்னதற்கும் நான்தான் காரணம்.

இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அதற்காகத்தான் கீழே முழுப்பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

என் அம்மாவிடம் நேற்றுக் காலை இதைச் சொன்னேன். கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் அப்பா பதினாறாம் தேதி வீட்டுக்கு வருகிறார். போனால் அவருக்கு இடது பக்கமாக உட்காருங்கள். வலது பக்கம் இருப்பவர்களை அவருக்குத் தெரியாது. பேசுவார், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் வர நேரமாகும். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவராகச் சொல்லட்டும்.